பிஏஎஸ்எல்பி முடித்த பிறகு எந்த வழி? ஊதியமும் வளர்ச்சியும் பற்றிய ஓர் ஒப்பீடு

பேச்சு, மொழி, செவித்திறன் ஆகியவற்றுக்கான சிகிச்சையைக் கற்பிக்கும் பிஏஎஸ்எல்பி பட்டப்படிப்பில் மூன்றாண்டு வகுப்புகளையும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியையும் முடித்து வருபவர்களுக்கு, வேலை கிடைக்குமா என்ற கவலை அநேகமாக இருப்பதில்லை. கிடைக்கிற வேலைகளில் எதை எடுப்பது, மேலே படிப்பதா, வெளிநாட்டுக்கு முயல்வதா என்பதுதான் அவர்களையும் அவர்கள் பெற்றோரையும் குழப்புகிறது. மருத்துவமனை, குழந்தைகளுக்கான தெரபி மையம், காது கேட்கும் கருவி விற்கும் நிறுவனம், அரசுத் திட்டப் பணி, முதுகலைப் படிப்பு, பிரிட்டன், அமெரிக்கா என்று வழிகள் பல. இவற்றை முதல் மாதச் சம்பளத்தைக் கொண்டு வரிசைப்படுத்துவதே வழக்கமாக இருக்கிறது. இந்தத் தொழிலைப் பொறுத்தவரை அது தவறான வரிசையையே தரும் என்பது என் உறுதியான கருத்து. முதல் இரண்டு ஆண்டுகளில் யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறோம் என்பதும், ஐந்தாம் ஆண்டில் ஊதியம் உயர்வதற்கு அங்கே எழுதப்பட்ட ஏற்பாடு ஏதேனும் இருக்கிறதா என்பதும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

இந்தியாவில் இந்தச் சிகிச்சைக்கான தேவை கூடிக்கொண்டே வந்திருக்கிறது. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே பட்டியலிட்டிருந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக விரித்து, பேச்சு–மொழிக் குறைபாட்டையும் ஆட்டிசத்தையும் தனித்தனியே சேர்த்தது. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் அமையும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பேச்சு சிகிச்சையாளருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் மூலம் காக்ளியர் இம்ப்ளாண்ட் (காதுக்குள் அறுவை மூலம் வைக்கப்படும் மின்னணுக் கேட்புக் கருவி) பொருத்தப்படும் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் கேட்கவும் பேசவும் பயிற்சி தர ஆள் வேண்டும். அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் பொருத்திய கருவியால் முழுப் பயன் கிடைக்காது. பக்கவாதத்திலிருந்து உயிர் பிழைப்பவர்களுக்குப் பேச்சு மட்டுமல்லாமல் விழுங்குவதிலும் உதவி தேவைப்படுகிறது.

தேவை இவ்வளவு இருந்தும் ஊதியம் அதே வேகத்தில் உயராமல் போனதற்குக் காரணங்கள் உண்டு. ஒரு சிகிச்சையாளர் ஒரு நோயாளியோடு முக்கால் மணி நேரம் உட்கார வேண்டிய வேலை இது. ஒரு நாளில் ஆறு ஏழு பேருக்கு மேல் பார்த்தால் தரம் விழுந்துவிடும் என்பதால் வருமானத்துக்கு இயல்பாகவே ஒரு மேல்வரம்பு இருக்கிறது. இந்தியாவில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே பணம் தருகிறது. மாதக்கணக்கில் வெளியிலிருந்து வந்து எடுத்துக்கொள்ளும் தெரபிக்குக் குடும்பம்தான் கையிலிருந்து செலவழிக்கிறது. மூன்றாவது காரணம் சட்டத்தின் பலவீனம். 1992ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வுக் குழு (ஆர்சிஐ) சட்டப்படி, அக்குழுவின் பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ 1000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஆயிரம் ரூபாய் அபராதம் யாரையும் தடுக்காது. சில வாரச் சான்றிதழ்ப் படிப்பை வைத்துக்கொண்டு சிகிச்சை தருபவர்கள் குறைந்த சம்பளத்துக்கு இசையும்போது, நான்காண்டு படித்தவருக்குப் பேசப்படும் சம்பளமும் சேர்ந்தே இறங்குகிறது. இதில் பாதிக்கப்படுவது பட்டதாரி மட்டுமல்ல; மொழி வளரும் வயதின் முக்கியமான ஆண்டுகளைத் தவறான கைகளில் இழக்கும் குழந்தைகளும்தான்.

இனி ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம். சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களின் தனியார் மருத்துவமனைகளில் புதிதாக வரும் பட்டதாரிக்கு மாதம் 20,000 ரூபாயை ஒட்டிய சம்பளம் பேசப்படுவது சாதாரணமாக நடக்கிறது. நான்காண்டுப் பட்டத்துக்கு இது குறைவு என்பதில் ஐயமில்லை. ஆனால் மருத்துவமனையில் மட்டுமே கற்கக்கூடிய சில திறன்கள் இருக்கின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளிவந்தவருக்கு வாய்வழி உணவு கொடுக்கலாமா என்று படுக்கையருகே மதிப்பிடுவது, எக்ஸ்ரே காணொளியிலோ மூக்கு வழியாகச் செலுத்தும் எண்டோஸ்கோப்பிலோ விழுங்குதலைப் பார்த்துப் புரிந்துகொள்வது, குரல்வளை அகற்றப்பட்ட புற்றுநோயாளிக்கு மாற்றுக்குரல் பழக்குவது, அண்ணப்பிளவு அறுவைக்குப் பிந்தைய பேச்சுப் பயிற்சி ஆகியவை நோயாளிகளும் மூத்தவர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தால்தான் கைவரும். காது மூக்குத் தொண்டை மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் ஒருவரின் வேலையை நேரில் பார்த்து நம்பிக்கை கொண்டுவிட்டால், அவர் பின்னாளில் எங்கே சென்றாலும் நோயாளிகளை அனுப்பிவைப்பார்கள். இத்தொழிலில் பெயர் பரவுவது பெரும்பாலும் அப்படித்தான்.

ஆனால் எல்லா மருத்துவமனைகளும் ஒன்றல்ல. முந்நூறு படுக்கை மருத்துவமனையில் ஒரே ஒரு பேச்சு சிகிச்சையாளராகச் சேர்பவருக்குக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. மேலே ஏறுவதற்குப் பதவியும் இல்லை. ஸ்ரீ ராமச்சந்திரா, மெர்ஃப், எஸ்ஆர்எம் போல இந்தப் படிப்பையே நடத்தும் இடங்களில் தனித்துறையும் பேராசிரியர்களும் நோயாளிக் கூட்டமும் இருக்கின்றன. இரண்டு இடங்களிலும் ஒரே சம்பளம் சொன்னால் மட்டுமல்ல, இரண்டாவதில் சற்றுக் குறைத்துச் சொன்னாலும் நான் அதையே எடுக்கச் சொல்வேன்.

தெரபி மையங்களின் கணக்கு வேறு. ஆட்டிசம், தாமதமான பேச்சு, கவனக்குறைவு ஆகியவற்றுக்காகக் குழந்தைகளை அழைத்துவரும் பெற்றோர் பெருகியதால் நகரங்களில் மட்டுமல்லாமல் சிறு ஊர்களிலும் மையங்கள் திறக்கப்பட்டுவிட்டன. தொடக்கச் சம்பளம் மருத்துவமனையைவிட ஐந்தாயிரமோ பத்தாயிரமோ கூடுதலாக இருக்கலாம். அதிக செஷன் எடுத்தால் ஊக்கத்தொகையும் உண்டு. எட்டு, ஒன்பது செஷன்களை இடைவெளியின்றி எடுக்க வேண்டியிருப்பது, அறிக்கை எழுதுவதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருப்பது, குழந்தை வராத நாளுக்கு ஊதியம் பிடிக்கப்படுவது ஆகியவை அந்தக் கூடுதல் தொகைக்குக் கொடுக்கும் விலை. மேற்பார்வை இல்லாத மையத்தில் இரண்டாண்டு கழித்தவர், ஒரே வகைக் குழந்தைகளுக்கு ஒரே வகைச் செயல்பாடுகளைத் திரும்பத் திரும்பச் செய்து, தன் முறை பலன் தருகிறதா என்று சோதித்துப் பார்க்கவே பழகாமல் போகக்கூடும். சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்களும் இருக்கின்றன. அப்படிக் கேட்கும் இடத்தில், எவ்வளவு சம்பளம் சொன்னாலும், சேராமல் இருப்பதே நல்லது.

மையத்தில் வேலை செய்வது ஒன்று, சொந்தமாகத் தொடங்குவது இன்னொன்று. ஒரு செஷனுக்கு 500 ரூபாய், நாளுக்கு ஆறு செஷன், மாதம் 24 நாள் என்று வைத்துக்கொண்டால் 72,000 ரூபாய் வருகிறது. கேட்க நன்றாக இருக்கும் இந்தத் தொகையிலிருந்து வாடகை, மின்சாரம், விளையாட்டுப் பொருட்கள், சோதனைக் கருவிகள், உதவியாளர் சம்பளம் போக வேண்டும். தேர்வுக் காலத்திலும் விடுமுறையிலும் காய்ச்சல் பரவும் மாதங்களிலும் செஷன்கள் பாதியாகக் குறையும். இவ்வளவுக்குப் பிறகும், நல்ல பெயர் எடுத்தவர்களுக்கு இந்தியாவில் மிக அதிக வருமானம் தருவது சொந்த கிளினிக்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அனுபவமும் மருத்துவர்களின் பரிந்துரையும் சேர்ந்த பிறகு தொடங்கினால் நிற்கும். படித்து முடித்த கையோடு கடன் வாங்கித் தொடங்கினால் வாடகையைக் கட்டுவதற்காகவே தேவையில்லாத செஷன்களைப் பரிந்துரைக்கும் நெருக்கடி வந்துவிடும்.

காது கேட்கும் கருவி நிறுவனங்கள் பிஏஎஸ்எல்பி பட்டதாரிகளை ஆடியாலஜிஸ்டாக (செவித்திறன் வல்லுநராக) எடுத்துக்கொள்கின்றன. நிலையான சம்பளத்தோடு விற்பனைக்கேற்ற ஊக்கத்தொகை கிடைப்பதால் முதல் ஆண்டில் கையில் வரும் பணம் இங்கேதான் பல நேரங்களில் கூடுதல். விற்பனை இலக்கு வைத்து வேலை செய்ய மனம் ஒப்புபவர்களுக்கு இது தகும். பேச்சு சிகிச்சையிலேயே நிலைக்க விரும்புபவர் இங்கே இரண்டாண்டு இருந்துவிட்டால் திரும்பி வருவது கடினம்.

அரசுப் பணியில் நிரந்தரப் பதவிக்கும் ஒப்பந்தப் பதவிக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணைப்படி, மத்திய அரசு நிறுவனப் பணி ஆறாம் நிலையில் இருந்தால் தொடக்க அடிப்படை ஊதியம் 35,400 ரூபாய், பத்தாம் நிலையில் இருந்தால் 56,100 ரூபாய். அதற்கு மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. மைசூரில் உள்ள அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம், முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் போன்றவற்றின் அறிவிப்புகளில் பதவியின் பெயரைவிட ஊதிய நிலையையே முதலில் படிக்க வேண்டும். இப்பதவிகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. மாவட்ட இடையீட்டு மையங்களில் இருப்பவை ஒப்பந்த அடிப்படையிலானவை. தொகுப்பூதியம், ஆண்டுதோறும் புதுப்பிப்பு. தமிழ்நாட்டில் உலக வங்கி உதவியோடு நடக்கும் உரிமைகள் திட்டத்தின் ‘விழுதுகள்’ மையங்கள் சிகிச்சையை மக்களின் வசிப்பிடத்துக்கு அருகே கொண்டுபோகின்றன. சேவை என்ற வகையில் எனக்கு மிகவும் மதிப்புள்ள ஏற்பாடு இது. அங்கே சேர்பவர் திட்டக் காலம் முடிந்தபின் தன் பணி என்ன ஆகும் என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதுகலைப் படிப்பைச் செலவாகப் பார்ப்பதா முதலீடாகப் பார்ப்பதா என்பது எங்கே இடம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. மைசூரில் எம்எஸ்சி பேச்சு–மொழி நோயியல் ஒன்றாகவும் எம்எஸ்சி ஆடியாலஜி வேறாகவும் நடத்தப்படுகின்றன. கட்டணம் தனியார் கல்லூரிகளைவிடக் குறைவு, நோயாளிகளும் நூலகமும் ஆய்வகமும் நாட்டிலேயே சிறந்தவற்றுள் அடங்கும். அங்கே இடம் கிடைத்தால் வேலையை விட்டுவிட்டுப் போகலாம். அதிகக் கட்டணம் கேட்கும் இடத்தில், பட்டத்துக்காக மட்டும் சேர்வதாக இருந்தால், பொறுத்திருப்பதே மேல். முதுகலை முடித்தவருக்கு மருத்துவமனைச் சம்பளம் ஓரளவே கூடுகிறது; பெரிய வேறுபாடு கற்பித்தல் பணியில்தான் வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விகிதத்தைப் பின்பற்றும் நிறுவனத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். தனியார் கல்லூரிகள் அந்த விகிதத்தைத் தருகின்றனவா என்பதைச் சேரும்முன் அங்கே பணியாற்றுபவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வெளிநாடுகளில், ஊதிய உயர்வு எழுத்தில் இருக்க வேண்டும் என்ற என் அளவுகோலுக்கு முழுமையாகப் பொருந்துவது பிரிட்டன். அங்கே தேசிய சுகாதார சேவையில் பேச்சு சிகிச்சையாளர் ஐந்தாம் பேண்டில் (ஊதியப் படிநிலையில்) தொடங்குகிறார். 2025–26 விகிதப்படி இங்கிலாந்தில் ஆண்டுக்கு 31,049 பவுண்டு. ஆறாம் பேண்ட் 38,682 பவுண்டிலும், ஒரு துறையில் தனித்தேர்ச்சி பெற்றவருக்கான ஏழாம் பேண்ட் 47,810 பவுண்டிலும் தொடங்குகின்றன. வாரம் 37.5 மணி நேர வேலை, தொடக்கத்திலேயே ஆண்டுக்கு 27 நாள் விடுப்பு, அதோடு பொது விடுமுறைகள், ஓய்வூதியம். லண்டனின் மையப்பகுதியில் 20 சதவீதக் கூடுதல் படி உண்டு. வாடகை அதைத் தின்றுவிடும். புதிதாக வருபவர் மூத்தவரின் மேற்பார்வையில் வரையறுக்கப்பட்ட திறன்களை நிறைவேற்றிக் காட்டிய பிறகே தனித்து இயங்க அனுமதிக்கப்படுகிறார் என்பதும், எந்தப் பேண்டுக்கு எப்போது போகலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருப்பதும்தான் ஊதியத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன.

தடை என்னவென்றால், பதிவு வழங்கும் எச்சிபிசி அமைப்பு மற்றத் துறையினரிடம் கேட்பதைவிட உயர்ந்த ஆங்கிலத் தகுதியைப் பேச்சு சிகிச்சையாளரிடம் கேட்கிறது: ஐஇஎல்டிஎஸ் தேர்வில் மொத்தம் 8.0, எந்தப் பிரிவிலும் 7.5க்குக் குறையக் கூடாது. மொழியையே கருவியாகக் கொண்ட தொழிலில் இது நியாயமான எதிர்பார்ப்புதான். இன்னொன்று, பிஏஎஸ்எல்பியில் பாதிப் படிப்பு செவித்திறன் சார்ந்தது. பிரிட்டனில் ஆடியாலஜி தனித்தொழில். எனவே பேச்சு–மொழிப் பயிற்சி நேரமும் விழுங்குதல் சிகிச்சை அனுபவமும் போதுமானவை என்று விண்ணப்பத்தில் நிறுவ வேண்டும். மருத்துவமனை அனுபவத்தை முன்னர் நான் வலியுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவின் ஊதியம்தான் எல்லோரையும் ஈர்க்கிறது. அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்கில் 2024 மே மாதம் இத்தொழிலின் இடைநிலை ஆண்டு ஊதியம் (பாதிப்பேர் இதற்கு மேலும் பாதிப்பேர் இதற்குக் கீழும் பெறுவது) 95,410 டாலர்; 2023 முதல் 2033 வரையிலான பத்தாண்டுகளில் வேலைவாய்ப்பு 18 சதவீதம் வளரும் என்று அத்துறை மதிப்பிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் படம் மாறுகிறது. முதியோர் பராமரிப்பு இல்லங்களில் ஊதியம் உயர்வு, பள்ளிகளில் குறைவு. ஆனால் பள்ளிகளில் ஆசிரியர்களுக்குரிய ஊதிய அட்டவணை, நீண்ட கோடை விடுமுறை, ஓய்வூதியம் ஆகியவை இருக்கின்றன. மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்வியை 1975லேயே சட்டம் உரிமையாக்கிவிட்டதால் பணி எளிதில் மறைந்துபோவதில்லை. முதியோர் இல்லங்களில், நோயாளிக்குத் தந்த தெரபி நிமிடங்களை வைத்துப் பணம் தந்துவந்த மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2019 அக்டோபரில் நோயாளியின் உடல்நிலையை வைத்துத் தரும் முறைக்கு மாறியபோது தெரபிஸ்டுகள் பலர் வேலையையும் பணி நேரத்தையும் இழந்தார்கள். சிகிச்சைக்கு யார், எந்த விதிப்படி பணம் தருகிறார் என்பதுதான் எந்த நாட்டிலும் இந்தத் தொழிலின் ஊதியத்தைத் தீர்மானிக்கிறது.

அங்கே பணியாற்ற முதுகலைப் பட்டம் கட்டாயம். பயிற்சிக் காலத்தில் 400 மணி நேர மருத்துவ அனுபவம், ப்ராக்சிஸ் என்ற தகுதித் தேர்வில் 162 மதிப்பெண், பின்னர் குறைந்தது 36 வாரங்களும் 1,260 மணி நேரமும் கொண்ட மேற்பார்வைப் பணி, மாநில உரிமம் என்று படிகள் தொடர்கின்றன. அங்கேயே போய்ப் படிப்பவர்கள் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. கணினி, பொறியியல் மாணவர்களுக்குப் படிப்புக்குப் பின் மூன்றாண்டு வரை வேலை செய்ய அனுமதி கிடைக்கிறது. பேச்சு நோயியல் அந்தப் பட்டியலில் இல்லாததால் ஓராண்டுதான். அந்த ஓராண்டின் பெரும்பகுதியை 36 வார மேற்பார்வைப் பணியே எடுத்துக்கொள்கிறது. அதற்குள் எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கலில் பெயர் வர வேண்டும்; வராவிட்டால் கல்விக்கடனோடு திரும்ப வேண்டும். இந்தியாவிலேயே முதுகலை முடித்துத் தகுதி மதிப்பீடு செய்துகொண்டு போவது செலவு குறைந்த வழியாக இருந்தது. 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து வரும் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டபின், ஒரு பள்ளி மாவட்டமோ நடுத்தர மருத்துவமனையோ அத்தொகையைக் கட்டி ஒரு பேச்சு சிகிச்சையாளரை அழைக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம். குடும்ப விசாவிலோ வேறு வகையிலோ அங்கே வேலை செய்யும் உரிமை ஏற்கெனவே பெற்றவருக்கு அமெரிக்கா சிறந்த வழி. மற்றவர்கள் பெருங்கடன் வாங்கி அதன்மேல் பந்தயம் கட்டுவதை என்னால் ஆதரிக்க முடியவில்லை.

ஊதியப் பட்டியல்களில் இடம்பெறாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இயன்முறை மருத்துவர் எந்த நாட்டுக்குப் போனாலும் முழங்கால் முழங்கால்தான். பேச்சு சிகிச்சையாளர் நாடு மாறும்போது தன் முதன்மைக் கருவியின் பெரும்பகுதியை விட்டுவிட்டுப் போகிறார். மூன்று வயதுத் தமிழ்க் குழந்தை எந்த ஒலியை எப்போது பிடிக்கும், பாட்டியோடு பேசும் பேச்சுத் தமிழுக்கும் பள்ளிப் பாடத்துக்கும் இடையில் அது எங்கே தடுக்கும், பக்கவாதத்துக்குப் பின் ஒருவருக்கு வேற்றுமை உருபுகள் எப்படி உதிர்ந்துபோகும் என்பதையெல்லாம் காதால் உணர்ந்து அறிபவர்கள் இங்கே வளர்ந்தவர்கள்தான். தமிழுக்கென்று தரப்படுத்தப்பட்ட சோதனைகள் போதுமான அளவில் இல்லாத நிலையில் அந்த அறிவின் மதிப்பு இன்னும் கூடுகிறது. லண்டனின் ஹாரோ, நியூஹாம் போன்ற பகுதிகளில் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் வாழ்வதால், இருமொழிக் குழந்தையை இரண்டு மொழியிலும் மதிப்பிட வல்லவருக்கு அங்கே மதிப்புண்டு. ஆனால் அங்கும் அன்றாட வேலை ஆங்கிலத்தில்தான் நடக்கும். இணைய வழியில் இங்கிருந்தே வெளிநாட்டுத் தமிழ்க் குழந்தைகளுக்குச் சிகிச்சை தர நினைப்பவர்கள், நோயாளி வசிக்கும் நாட்டின் உரிமமே பெரும்பாலும் கேட்கப்படும் என்பதை மறக்கக் கூடாது. அமெரிக்காவில் அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

எனவே, வீட்டில் உடனடிப் பணநெருக்கடி இல்லாத பட்டதாரிக்கு என் பரிந்துரை இதுதான்: தனித்துறை உள்ள கற்பித்தல் மருத்துவமனையில் இரண்டாண்டு, அதிலும் விழுங்குதல் சிகிச்சையையும் காக்ளியர் இம்ப்ளாண்ட் பயிற்சியையும் கேட்டுப் பெறுவது, பிறகு மைசூரிலோ அதற்கு நிகரான இடத்திலோ எம்எஸ்சி, அதன்பின் கற்பித்தல், சொந்த கிளினிக், பிரிட்டன் ஆகிய மூன்றில் ஒன்று. ஆங்கிலத் தேர்வில் 8.0 எடுக்கக்கூடியவர் முதுகலைக்குக் காத்திராமலும் பிரிட்டனுக்கு விண்ணப்பிக்கலாம். கல்விக்கடன் தவணை கட்டியே ஆக வேண்டியவர் தெரபி மையத்தில் சேரலாம். சேரும்போது வாரத்தில் ஒரு மணி நேரமாவது மூத்தவர் ஒருவர் தன் செஷனைப் பார்த்துக் கருத்துச் சொல்வாரா, வராத குழந்தைக்கான நேரத்துக்கு ஊதியம் உண்டா, நாளுக்கு எத்தனை செஷன் என்ற மூன்றையும் நியமனக் கடிதத்தில் எழுதச் சொல்ல வேண்டும். அங்கே இருந்துகொண்டே வாரத்துக்கு ஒரு அரைநாள் மருத்துவமனைத் துறை ஒன்றில் பார்வையாளராக அனுமதி கேட்டுப் பார்க்கலாம், மறுக்காதவர்கள் இருக்கிறார்கள்.

எந்த வழியில் போனாலும் ஆர்சிஐ பதிவை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அது ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. தொடர்கல்விப் புள்ளிகள் இல்லாமல் புதுப்பிக்க முடியாது. வெளிநாடு செல்பவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பெற்றோரைக் கவனித்துக்கொள்ளவோ இங்கே கிளினிக் தொடங்கவோ பின்னர் திரும்பி வரும்போது, பத்தாண்டு அனுபவம் இருந்தும் சட்டப்படி ஒரு செஷன்கூட எடுக்க முடியாத நிலையில் நிற்க வேண்டியிருக்கும். புறப்படுவதற்கு முன் பதிவின் காலாவதித் தேதியைப் பார்த்துக்கொண்டு, தேவையான புள்ளிகளுக்கான பயிலரங்குகளை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக முடித்துவருவது அவசியம்.